கடன் கொப்பியும் கைத்தொலைபேசியும்



அண்மையில் எனக்கு ஒரு பொதி வந்தது. மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் உதவுமென்று கைத்தொலைபேசியில் படம் பார்த்து, பேத்தியைக் கொண்டு கட்டளையிட்ட ஒரு டோர்ச் லைட். விலை 1,850 ரூபா. பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுத்தால் போதும் என்றார்கள். பொதி வந்த நேரம் நான் வீட்டில் இல்லை. கொண்டுவந்த பையனுக்கு வீடும் தெரியவில்லை. எத்தாளையில் வீட்டை இலக்கத்தால் தேடுவார் எவருமில்லை; கடைக்குப் பின்னால், முருங்கை நிற்கிற வளவு என்றால்தான் வழி பிறக்கும். பையன் மோட்டார் சைக்கிளைச் சந்தியிலுள்ள பலசரக்குக் கடையில் நிறுத்தி என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறான்.

மாலையில் நான் பாண் வாங்கப் போனபோது கடைக்கார நானா மேசைக்குக் கீழிருந்து பொதியை எடுத்து வைத்தார்.

"மாஸ்டர், உங்கட பார்சலொண்டு வந்திச்சு. பொடியன் திருப்பிக் கொண்டுபோகப் பாத்தான். காச நானே குடுத்து எடுத்து வெச்சேன். பொறவு தாங்க."

பொதியின் மேல் ஒட்டியிருந்த தாளில் உள்ளே இருப்பது இன்னதென்று அச்சடித்திருந்தது. நானாவின் தலைக்கு மேலே, கண்ணாடி அலுமாரியில், அதே மாதிரியான டோர்ச் லைட் இரண்டு தொங்கின. அவற்றின் விலை 2,400 ரூபா என்று எனக்குத் தெரியும்; ஏனெனில் கட்டளையிடுவதற்கு முதல்நாள் நானே கேட்டிருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அந்த வெட்கம் நியாயமானதுதானா என்பதே இங்கே நான் உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்பும் கேள்வி. நான் களவெடுக்கவில்லை. பொய் சொல்லவில்லை. என் ஓய்வூதியக் காசில் 550 ரூபாவை மிச்சப்படுத்தினேன். குடும்பத்தின் காசைச் சிக்கனமாகச் செலவிடுவது கடமை என்றுதான் நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். அப்படியிருக்க மனச்சாட்சி ஏன் குத்தியது? பழைய பழக்கம் மாறுவதால் உண்டான வெறும் கூச்சமா, அல்லது உண்மையிலேயே நான் ஒருவருக்குச் செய்யவேண்டிய ஏதோவொன்றைச் செய்யத் தவறினேனா?

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையை ஒட்டியது எத்தாளை. மணல் நிலம். ஒருபுறம் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும். மறுபுறம் கடலும் வலையும் கருவாடும். முஸ்லிம்களும், கத்தோலிக்கராகிய நாமும், சிங்கள மக்களும் ஒரே பாதையால் போய் வருகிற பிரதேசம். தலவில அன்னம்மாள் திருத்தலம் அயலிலேயே இருக்கிறது. ஆடி, ஆவணித் திருவிழாக் காலத்தில் வழிநெடுகிலும் உள்ள கடைகள் மற்ற மாதங்களின் நட்டத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். கடைக்காரர் எந்தச் சமயத்தவராயினும் அந்த நாட்களில் அன்னம்மாளை நன்றியோடுதான் நினைப்பார்.

இலங்கைக் கிராமத்துக் கடைகள் பல மாற்றங்களைக் கண்டவை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 முதற்கொண்டு, பங்கீட்டுப் பொருட்களைக் கொடுப்பதற்காகக் கூட்டுறவுக் கடைகள் ஊரூராகப் பெருகின. கூப்பன் புத்தகத்துடன் வரிசையில் நின்ற காலம் என் வயதினருக்கு நன்றாக நினைவிருக்கும். 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. தனியார் கடைகளில் நாம் கண்டிராத சாமான்கள் வந்து குவிந்தன. 1983இல் கொழும்பில் முதலாவது காகில்ஸ் பூட் சிற்றி திறந்தபோது, நாமே சாமானை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்ப் பணம் கட்டும் முறை வந்தது. அதெல்லாம் பட்டணத்துக் கதை என்று இருந்தோம். இப்போது வந்திருக்கும் மாற்றத்துக்குப் பட்டணமென்றும் கிராமமென்றும் பேதமில்லை. சீன நாட்டின் அலிபாபா நிறுவனம் 2018இல் டராஸைச் சொந்தமாக்கிக் கொண்டது. மறுகோடியில் எத்தாளைப் பிள்ளை ஒன்று கட்டிலில் படுத்தபடி விரலால் தட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு பையனும், அவனுக்கு வழி சொல்லும் ஒரு கடையுந்தான்.

இந்தத் தொலைபேசி வியாபாரம் கிராமக் கடையிலிருந்து எதைக் கொண்டுபோகிறது, எதை விட்டுவைக்கிறது என்பதைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். நூறு கிராம் சீனி, கால் போத்தல் தேங்காய் எண்ணெய், அரை இறாத்தல் பாண், ஒரு முட்டை, இரண்டு வெற்றிலை, ஒரு பொதி மிளகாய்த் தூள் ஆகியவற்றை எவரும் கொழும்பிலிருந்து வரவழைக்கமாட்டார்கள். அனுப்பும் கூலி சாமானின் விலையைத் தாண்டிவிடும். அன்றாடக் கூலிக்காரன் அன்றாடம் வாங்குகிற அளவுக்குப் பிரித்து விற்கும் திறமை பெரிய நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே அரிசியும் பருப்பும் கடையிலேயே இருக்கும். போவது எது? டோர்ச் லைட், பாடசாலைப் பை, செருப்பு, குடை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கண்ணாடிக் குவளை, நத்தாருக்கு வாங்கும் அலங்கார விளக்கு.

கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சீனியிலும் பருப்பிலும் அவருக்கு மிஞ்சுவது சொற்பம். பைக்கற்றுச் சாமானில் உச்ச விலை அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு சதம் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். அவர் பிள்ளைகளைப் படிப்பித்ததும், நமக்கு மாதக் கடன் கொடுத்துவிட்டுத் தாங்கிக்கொண்டு இருந்ததும், கண்ணாடி அலுமாரியில் இருந்த அந்தப் பகட்டுச் சாமான்களின் இலாபத்தால்தான். இப்போது ஆடை போய்விட்டது. மோர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாம் 'சும்மா ஒரு டோர்ச் லைட்தானே' என்று நினைக்கிறோம். கடன் கொப்பி என்ற கூரையைத் தாங்கிய கழிகளில் ஒன்றாக அது இருந்தது என்பது எனக்கு அன்று மாலைதான் விளங்கியது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் தொலைபேசியில் வாங்குவது பாவமென்கிறீரா?" என்று நீங்கள் கோபிக்கலாம். அவசரப்பட வேண்டாம். மறுபக்கத்து நியாயம் சிறியதல்ல. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கிராமத்துக் கடையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே கடன் வைத்துப் பழகாதவர்கள். கடன் கொப்பி இரக்கத்தின் கொப்பி மட்டுமல்ல. கடற்கரை ஊர்களில் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கிய மீனவன், பிடித்த மீனை அந்த முதலாளி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியவனாகி, வீட்டுச் சாமானையும் அவர் காட்டிய கடையிலேயே வாங்க வேண்டியவனாகி, தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த கதைகளை நம் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கிலாந்திலும் இதே கதை இருந்தது. முதலாளி நடத்தும் கடையிலே கடனுக்கு வாங்கி, கூலி கைக்கு வருமுன்பே கரைந்துபோன ஆலைத் தொழிலாளர் ஏராளம். 1844 டிசம்பர் 21ஆம் திகதி ரொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் மெழுகுவர்த்தியுந்தான் சரக்கு. அவர்கள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளில் ஒன்று என்ன தெரியுமா? கடன் கிடையாது, கைக்காசுக்கே வியாபாரம். ஏழைக்கு உதவவென்று தொடங்கிய கடையே கடனை விலக்கி வைத்தது. கடன் ஏழையின் கழுத்துக் கயிறாவதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

இன்னொன்று. கடையில் நாலு ஆண்கள் பெஞ்சியில் குந்தியிருந்து வாயாடிக்கொண்டிருக்க, பதினைந்து வயதுப் பெண்பிள்ளை தனக்கு மாதந்தோறும் தேவையான பொருளைக் கேட்டு வாங்குவது எவ்வளவு சங்கடம் என்று யாராவது எண்ணிப் பார்த்தோமா? பழைய கடதாசியில் சுற்றி, குற்றம் செய்தவள்போல் அதை மறைத்துக்கொண்டு போகிறாள். இன்று அவளுடைய தாய் தொலைபேசியில் வரவழைக்கிறாள். யார் வீட்டில் என்ன வாங்குகிறார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்று ஊர் முழுவதும் பேசப்படுகிற நிலையிலிருந்து ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் விடுதலையை நான் இழிவாக எண்ணமாட்டேன். அதே தொலைபேசியால் நம் பெண்கள் சிலர் தைத்த சட்டையையும் காயவைத்த கருவாட்டையும் படம்பிடித்துப் போட்டு வெளியூருக்கு விற்கிறார்கள். அதுவும் நேர்மையான உழைப்பே.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2,400 என்று நானா சொன்ன விலை, அயலில் வேறு விலை எனக்குத் தெரியாது என்ற அடிப்படையில் நின்றது. இப்போது எனக்குத் தெரியும். அறியாமையின் மேல் நிற்கும் விலை நியாயமான விலையா? புனித தோமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதையொத்த ஒரு வழக்கை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பஞ்சமுள்ள ஊருக்கு ஒரு வியாபாரி கோதுமை கொண்டுபோகிறான். பின்னால் இன்னும் பல வியாபாரிகள் கோதுமையுடன் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை வெளியிட்டால் விலை விழும். அவன் சொல்லியாக வேண்டுமா? அன்றைய நிலவர விலைக்கு விற்பவன் அதைச் சொல்லாவிட்டாலும் நீதிக்கு விரோதம் செய்யவில்லை என்றும், சொன்னாலோ விலையைக் குறைத்தாலோ அது மேலான நற்குணமாகும் என்றும் அவர் முடிவுகட்டுகிறார்.

இந்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நீதி ஒரு எல்லை வரைதான் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கு அப்பாலும் ஒரு பரப்பு இருக்கிறது. நானா 2,400 என்றது அநீதியல்ல. சிறிய தொகையாக வாங்கி, புத்தளத்திலிருந்து வான் கூலி கொடுத்துக் கொண்டுவந்து, ஆறு மாதம் தூசி தட்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை தேவைப்படுகிறது. நான் 1,850க்கு வாங்கியதும் அநீதியல்ல. நீதியின் கணக்கில் இருவரும் சமன். ஆயினும் வெட்கம் போகவில்லை. ஆகவே அது நீதியின் கணக்கிலிருந்து வந்த வெட்கமல்ல. வேறொரு கொப்பியிலிருந்து வந்தது.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தை இல்லை, கூலிவேலை இல்லை. அந்த வாரங்களில் இந்த ஊரில் அடுப்பு எரிந்த வீடுகள் எத்தனையோ, பின்கதவால் கடன் கொடுத்த கடைகளால் எரிந்தன. வீட்டுக்கே சாமான் அனுப்புவதாகச் சொன்ன கம்பனிகள் கொழும்பைச் சுற்றித்தான் ஓடின. பிறகு 2022 வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்ததாகக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டியது; நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய இருநூறுக்கு வாங்கினோம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளங்கள் கரையில் கிடந்தன. இத்தகைய வேளையில் கடனுக்குக் கொடுப்பதென்றால் என்ன? இன்று 200 ரூபாவுக்குக் கொடுத்த சாமானின் காசு இரண்டு மாதம் கழித்து வரும்போது, அதே சாமானை 260 கொடுத்துத்தான் மறுபடி வாங்க வேண்டும். கொடுத்த ஒவ்வொரு கடனிலும் கடைக்காரரின் முதல் தேய்ந்தது. தெரிந்துகொண்டே கொடுத்தார்கள். எல்லாரும் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, பதுக்கினவர்களும் இருந்தார்கள். கொடுத்தவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. அந்நாட்களில் கடையில் அவர்களுக்கு ஏறிய கடன் ஐம்பதினாயிரத்தைத் தாண்டியது. பின்பு மகன் வெளிநாடு போனான். காசு வரத் தொடங்கியது. கடனைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள். ஆனால் வீட்டு வாசலில் வாரம் ஒரு பொதி இறங்குகிறது. கைக்காசு இருந்தால் தொலைபேசிக்கு. கையில் இல்லாத நாட்களில் கொப்பிக்கு. அந்த வீட்டுத் தாயைக் குறைசொல்ல நான் யார்? நானும் அதையேதான் சிறிய அளவில் செய்தேன். எனினும் இதில் பிழை இருக்கிறது என்று துணிந்து சொல்கிறேன். தொலைபேசியில் வாங்குவது பிழையல்ல. நம் வறுமையை ஒருவரிடமும் வசதியை இன்னொருவரிடமும் கொண்டுபோவதே பிழை. காசில்லாதபோது 'நானா, நீங்கள்தான் பார்க்க வேண்டும்' என்கிற வாய், காசு வந்ததும் 'எங்கே மலிவோ அங்கே' என்று மாறுவது வியாபார சாமர்த்தியமாக இருக்கலாம். அதை நன்றி என்று சொல்ல முடியாது. பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், பொருள் வாங்கும் செயலுக்கும் மனச்சாட்சிக்கும் எப்போதும் தொடர்புண்டு என்று போதித்ததும், 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதை மீண்டும் எடுத்துக் கூறியதும் இந்த இடத்தில்தான் எனக்குப் பொருள்படுகின்றன.

மற்றொரு காரியம். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம்மவர்கள் ஆலயத்திலேயே கொல்லப்பட்டார்கள். அடுத்த மாத நடுப்பகுதியில் இவ்வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இதே புத்தளம் மாவட்டத்தில் ஓர் உயிரும் போயிற்று. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற செய்தி தொலைபேசிக்குத் தொலைபேசி பறந்தது. கத்தோலிக்க வீடுகள் சிலவற்றிலிருந்து சில வாரம் யாரும் கடைப்படி ஏறவில்லை. பிறகு ஒருநாள் யாரோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பனடோல் தேவைப்பட்டது, இரவு ஒன்பது மணிக்குக் கடையைத் தட்டினார்கள், கதவு திறந்தது. மறுநாள் பாண் வாங்கினார்கள். சமாதானக் கூட்டம் எதுவும் அங்கே நடக்கவில்லை. பாணும் பனடோலும் அதைச் செய்தன. அன்று வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிளில் எல்லாம் வந்து இறங்கியிருந்தால், அந்தக் கதவைத் தட்டவேண்டிய தேவையே வந்திராது. ஒருவரையொருவர் வெறுத்தபடி சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆதலால் கடைக்காரர்களுக்குப் பரிந்து மட்டும் பேசுகிறேன் என்று எண்ணாதீர்கள். அவர்களிடமும் கேட்கவேண்டியது இருக்கிறது. தராசுத் தட்டை விரலால் அழுத்துவது, பழைய சரக்கைக் கடன்காரனுக்குத் தள்ளிவிடுவது, மீதிச் சில்லறைக்குப் பதிலாக டொபியை நீட்டுவது ஆகியவை அவர்களாகவே நம்மைத் தொலைபேசிப் பக்கம் விரட்டுகிற வழிகள். (டொபிக்கு டொபி கொடுத்துப் பாண் வாங்க முடியுமா என்று நான் ஒருமுறை கேட்டேன், கடையில் சிரித்தார்கள், அவ்வளவுதான்.) கைக்காசுக்கு வாங்குகிறவருக்கு ஐந்து பத்தாவது குறைத்துக் கொடுக்கலாம். பொதிகளை ஏற்று வைப்பதற்கு ஒரு சிறு கூலி கேட்கலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

இந்த யோசனையைச் சொல்லிவிட்டு, கொடுக்கவேண்டிய 1,850 ரூபாவையும் கொடுத்துவிடலாமென்று மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். மேசைக்குக் கீழே இன்னும் மூன்று பொதிகள் இருந்தன. கூலி விஷயத்தை மெதுவாக எடுத்தேன்.

"என்னத்துக்கு மாஸ்டர்? எடுக்க வாற ஆக்கள் சும்மாவா போறாங்க? ஒரு பிஸ்கட் பைக்கற்றாவது வாங்கிட்டுத்தானே போறாங்க" என்றார்.

நான் அரைக் கிலோ பருப்புக் கேட்டேன். பழைய தட்டுத் தராசு இருந்த இடத்தில் புதிதாக ஒரு மின்தராசு இருந்தது. சிவப்பு எழுத்தில் இலக்கம் மின்னியது. விரலை வைத்து அழுத்த இடமில்லாத தராசு. நல்லதாயிருக்கிறதே, புத்தளத்திலா எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

நானா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தார்.

"புத்தளத்துல மூவாயிரம் கூடச் சொன்னாங்க மாஸ்டர். மகன் போன்ல போட்டான். இதுவும் பார்சல்லதான் வந்திச்சு."